ஒன்பதாம் விதிக்கு ஒரு திருத்தம்

அந்த நாற்காலி வேண்டாம். இதில் உட்காருங்கள். அதில் யாரும் உட்காரக் கூடாது என்று எழுதி வைத்த விதி ஒன்றும் இல்லை; இருந்தாலும் வேண்டாம். இங்கே ஜன்னல் காற்றும் வரும்.

நான்கு மணி என்று நோட்டீஸில் தெளிவாகவே போட்டிருந்தேன். ஐந்தரைக்கு வந்திருக்கிறீர்கள். தில்லை நகர் முழுக்கக் குறுக்குத் தெருக்கள், வழி கேட்டு அலைந்தேன் என்கிறீர்கள், ஏற்கிறேன். புத்தகக் கடைச் சுவரில் அந்தத் தாள் ஒட்டி இரண்டு மாதமாகிறது. வந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே தாமதத்தை மன்னிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை, அதை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

ரயில்வேயில் சிக்னல் பிரிவு என்றீர்கள் அல்லவா? நல்லது. சிவப்பு எரிந்தால் வண்டி நிற்கும். ஓட்டுநரின் வீட்டில் என்ன விசேஷம், அவருக்கு என்ன அவசரம் என்று சிவப்பு விளக்கு விசாரிப்பதில்லை. உங்களுக்கு நான் சொல்வது விளங்கும். பிலோமினாவுக்கு விளங்கவில்லை. அவள் கணித ஆசிரியை. இரண்டும் இரண்டும் நான்கு என்று முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளை முட்டி போட வைத்தவள். அவளுக்கே விளங்கவில்லை.

ஆட்டம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எளியதுதான். ஒருவர் கதையை நடத்துவார், அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள்: வீரன், திருடி, மந்திரவாதி, எது வேண்டுமானாலும். "நான் மதில் ஏறுகிறேன்" என்று நீங்கள் சொல்வீர்கள். ஏறினீர்களா விழுந்தீர்களா என்பதை இந்த இருபது முகப் பகடை சொல்லும். பகடைக்கும் மேலே இருப்பது விதிப்புத்தகம். அதற்கும் மேலே ஒன்றும் இல்லை. இந்த மேசையில் ஆறு ஆண்டு இப்படித்தான் நடந்தது. ஏழ்மதில் நாடு என்று ஒரு நாடு. ஏழாவது மதிலுக்கு உள்ளே எதிரி. ஆறு மதிலைக் கடந்துவிட்டார்கள். ஏழாவதில் நின்றுபோயிற்று.

ஆடியவர்கள் மூன்று பேர். பிலோமினா என்னோடு பள்ளியில் படித்தவள். சாகுல் நில அளவையர். நாட்டின் வரைபடமெல்லாம் அவர் போட்டதுதான், சுவரில் பாருங்கள், ஆற்றுக்குக்கூடப் புல எண் கொடுத்திருக்கிறார். மூன்றாமவர் மருதையன். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் எரிந்துபோய் அதைப் பார்க்க வந்தார். இந்த மேசையில் பகடையைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க டாக்டரம்மா, இவ்வளவு மூஞ்சி இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். மோட்டாரை மறுநாள் கட்டிக்கொண்டுவந்தார். அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆடவும் வந்துவிட்டார். அதன் பிறகு ஆறு ஆண்டில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. ஒரு நாள்கூட.

மருதையன் எடுத்த பாத்திரம் பிணமெழுப்பி. கருவூரான் என்று பெயர். செத்தவர்களை எழுப்பி வேலை வாங்குபவன். அதில்தான் எனக்குச் சிக்கல் வந்தது. கடையில் வாங்கிய விதிப்புத்தகத்தில் பிணமெழுப்புவதற்கு எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? நான்கு வரி. எலும்புக் குவியல்மேல் கையை வைக்க வேண்டும். உடனே எலும்புக்கூடு எழுந்து நிற்கும். கையில் வாள்கூட இருக்கும். நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டு உடற்கூறியல் கற்பித்தவள். எலும்பு எப்படி நிற்கும்? எதை எது இழுத்துப் பிடிக்கும்? தசைநார் எங்கே? மூட்டுக்கு உறை எங்கே? இந்த அபத்தத்தை என் மேசையில் என்னால் அனுமதிக்க முடியவில்லை. சொந்தமாக விதி எழுதினேன்.

இதோ, இதுதான். பிணக்கட்டுமான விதிகள். அறுபத்து நான்கு பக்கம். பார்க்கலாம், எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள்.

போன ஆடியில் எழுதி முடித்தேன். ஆடி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். நம் ஊர்ப் பிணத்துக்கு நம் ஊர் வழக்கம்தானே பொருந்தும்? அதைத்தான் எழுதினேன். விதி ஒன்று: எலும்பு இருநூற்றாறும் வேண்டும், குறைந்தால், குறைந்ததற்கேற்ற ஊனம். முழங்கால் சில்லு இல்லாவிட்டால் படியேறாது. நாவடி எலும்பு இல்லாவிட்டால் பேசாது. விதி நான்கு: கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டப்பட்ட உடல், எழுப்பியவன் தானே அந்தக் கட்டை அறுக்கும்வரை நடக்காது. விதி ஒன்பது: உயிர் பிரியும் நேரத்தில் வாயில் பால் பட்ட உடல் எழாது. பெற்ற பிள்ளை கையால் பால் வாங்கிக்கொண்டவருக்குக் குறை இல்லை. குறை இல்லாதவரை எழுப்ப முடியாது. இது என் கற்பனை மட்டும் அல்ல; எங்கள் பக்கத்து மனிதர்களின் நம்பிக்கையை ஒட்டி எழுதியது. விதி பதினான்கு: ஒவ்வொரு பாகத்தின் பழுதையும் கட்டுபவன் மறைக்காமல் பட்டியலில் சொல்ல வேண்டும். விதி இருபத்தேழு: எழுப்புவதற்கு முன்பே ஏவலைத் தாளில் எழுதி மடித்துப் பகடைப் பெட்டிக்கு அடியில் வைக்க வேண்டும். ஒரே ஏவல். விதி முப்பத்தொன்று: எழுப்பப்பட்டது கேள்வி கேட்காது.

பிலோமினா முதல் நாள் படித்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "ஏய் உமையா, இது விளையாட்டா, பிரேதப் பரிசோதனையாடீ?" நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். சாகுல், "மேடம், பத்திரப் பதிவுக்கே இவ்வளவு ஷரத்து கிடையாது" என்றார். அதுவும் பாராட்டுதான். மருதையன் மட்டும் புத்தகத்தை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் மனப்பாடமாகச் சொன்னார். என் மாணவர்களில் ஒருவர்கூட அப்படிப் படித்ததில்லை.

இன்னொரு விதி உண்டு. அது புத்தகத்தில் இல்லை, மேசையில் உள்ளது. அந்த நீல நிற பிஸ்கட் டப்பா இருக்கிறதே, நான்கு மணிக்கு எல்லோருடைய செல்போனும் அதில் போய்விட வேண்டும். ஏழு மணிக்குத்தான் திறப்போம். என்னுடையதும் அதில்தான், விதி எனக்கும் விதிதான். இன்றுகூட நான்கு மணிக்கே போட்டுவிட்டேன், ஆள் யாரும் இல்லாவிட்டாலும். உங்களுடையது பையிலேயே இருக்கட்டும். நீங்கள் இன்னும் ஆட்டக்காரர் ஆகவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு அந்த டப்பா அடித்தது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். மருதையனுடைய போன், அந்தப் பாட்டு அவருடையது. அவர் டப்பாவைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான். தடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தேன். அவர் உட்கார்ந்துகொண்டார். அப்போது ஆறாவது மதில் விழுந்துகொண்டிருந்தது, அவருடைய முறை. மறுபடியும் அடித்தது. மறுபடியும். பிலோமினா, "யாராச்சும் எடுங்களேன், தலை வலிக்குது" என்றாள். "ஏழு மணிக்கு" என்றேன். அவர் பகடையை உருட்டினார். பத்தொன்பது விழுந்தது. மதில் இடிந்தது. எல்லோரும் கை தட்டினோம். அதற்கிடையிலும் அடித்தது.

ஏழு மணிக்குத் திறந்தால் பதினொரு அழைப்பு. அவருடைய தாயார் சிட்டம்மாள், லால்குடியில் தம்பி வீட்டில் இருந்தவர். மதியம் முதல் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பெரிய மகன் வந்து பால் ஊற்றட்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தம்பி ஊற்றியிருக்கிறான். ஆறு பத்துக்கு முடிந்துவிட்டது.

இங்கிருந்து லால்குடிக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். முதல் அழைப்பிலேயே எழுந்து போயிருந்தால் ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். நீங்கள் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் உங்கள் முகம் அதைத்தான் சொல்கிறது. போயிருக்கலாம். யார் இல்லை என்றது? டப்பாவுக்குப் பூட்டு கிடையாது. அழுத்தி மூடிய மூடி, அவ்வளவுதான்.

நான் துக்கத்துக்குப் போனேன். முறைப்படி மாலை வாங்கிக்கொண்டு போனேன். மருதையன் என்னைப் பார்த்து, "வாங்க டாக்டரம்மா" என்றார். அவருடைய தங்கைதான் யாரிடமோ, எனக்குக் கேட்கும்படி, "கண்ணு வாசப்படியிலயே இருந்துச்சு. பாலு உள்ள எறங்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதற்கடுத்த ஞாயிறு, நான்கு மணிக்கு, மொட்டைத் தலையோடு மருதையன் இந்த வாசலில் நின்றார். போனை எடுத்து அவரே டப்பாவில் போட்டார். மனதில் வருத்தம் இருக்கிறவர் அப்படிச் செய்வாரா? நீங்களே சொல்லுங்கள். நான் அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் கொண்டேன்.

அன்றுதான், "நான் ஒரு பிணம் கட்டப்போறேன்" என்றார்.

முறையான அறிவிப்பு. ஏழாவது மதிலுக்கு ஆள் வேண்டும், பிணத்துக்கு அம்பு தைக்காது, சரியான யோசனை. பாகப் பட்டியலை நீட்டினேன். ஒன்பது வாரம் கட்டினார். ஒன்பது வாரம்! ஐப்பசி மழை முழுக்க, கார்த்திகை முழுக்க. ஒவ்வொரு எலும்புக்கும் பகடை. பழைய இடுகாட்டில் தேட வேண்டும், கிடைத்ததா என்று உருட்ட வேண்டும், பழுது என்னவென்று சொல்ல வேண்டும், நான் பதிய வேண்டும். பிலோமினா பரீட்சைத் தாள் கொண்டுவந்து மடியில் வைத்துத் திருத்த ஆரம்பித்தாள். சாகுல் இடுகாட்டை அளந்து வரைபடம் போட்டு முடித்துவிட்டு, அதற்கு மரம் வரைந்துகொண்டிருந்தார்.

இரண்டாம் வாரம் மருதையன் சொன்ன பழுது: வலது மணிக்கட்டு, எப்போதோ முறிந்து, சரியாகச் சேராமல் கோணலாகக் கூடியது. மூன்றாம் வாரம்: இடது முழங்கால், தேய்ந்தது, உள்பக்கம் வளைந்தது. கீழ்த்தாடை, பல் நான்கு மட்டும். "மருதையன், மதில் ஏறுவதற்கு இப்படி ஓர் உடலா? உங்கள் இஷ்டம்தானே, நல்ல முழங்காலாகச் சொல்லலாமே" என்றேன். "விதி பதினாலு, டாக்டரம்மா. உள்ளதத்தான் சொல்லணும்" என்றார். விதியைச் சொன்னால் நான் என்ன பேச முடியும்? முழங்காலுக்கு இரண்டு புள்ளி குறைத்தேன். மணிக்கட்டுக்கு ஒன்று.

எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? பிலோமினா அப்படித்தான் நினைத்தாள். சமையலறைக்கு என் பின்னாலேயே வந்து, "உனக்கு மெய்யாலுமே புரியலையா, இல்ல புரியாத மாதிரி இருக்கியா? அது அவங்கம்மாடீ" என்றாள். மூன்றாம் வாரமே தெரியும் எனக்கு. முழங்காலைச் சொன்னவுடனே தெரியும். அந்த அம்மாளின் எக்ஸ்ரேயை எங்கள் கல்லூரி எலும்பு மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டியவளே நான்தான். மணிக்கட்டு அரிசி மூட்டை விழுந்து முறிந்தது. புத்தூரில் கட்டுப் போடாமல் வீட்டிலேயே மூங்கில் வைத்துக் கட்டிக்கொண்டார். எல்லாம் தெரியும். தெரிந்ததால் என்ன? தெரிந்தவர் பிணம் என்றால் புள்ளி குறைக்காமல் விட வேண்டுமா? அப்புறம் விதி எதற்கு?

"அவர் பாட்டுக்குக் கட்டட்டும், நான் குறுக்கே நிற்கவில்லையே" என்றேன். பிலோமினா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஊற்றவில்லை.

நாவடி எலும்புக்கு மட்டும் மூன்று வாரம் போயிற்று. தொண்டையில், எந்த எலும்போடும் சேராமல் தனியே தொங்கும் சின்ன எலும்பு, குதிரை லாடம் மாதிரி. மண்ணில் போனால் கிடைப்பது அரிது; ஆகவே பதினெட்டுக்கு மேல் விழுந்தால்தான் கிடைக்கும் என்று எழுதியிருந்தேன். ஆறு, மூன்று, பதினொன்று, இப்படியே விழுந்தது. சாகுல், "அண்ணே, பேசாட்டி என்ன? மதில் ஏறுறதுக்கு வாய் எதுக்கு? விட்டுருங்க" என்றார். "இல்ல, பேசணும்" என்றார் மருதையன். பிலோமினா, "மூணு வாரமா மண்ணைச் சலிக்கிறோம். தஞ்சாவூர்ல தங்கம் சலிச்சிருந்தாக்கூட இந்நேரம் ஒரு மூக்குத்தி தேறியிருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மருதையனும் சிரித்தார். காரியத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அன்றைக்கே இருபது விழுந்தது.

மார்கழி முதல் ஞாயிறு. எல்லாம் கூடிவிட்டது. இருநூற்றாறு. ஏவலை எழுதி மடித்துப் பகடைப் பெட்டிக்கு அடியில் வைத்தார். கால் கட்டை அறுத்தார். அதற்கு ஒரு நூலைக் கொண்டுவந்து, மெய்யாகவே பல்லால் கடித்து அறுத்தார். எழுப்பும் பகடையை உருட்டினார். பதினாறு. பதினைந்து போதும். சாகுல் எழுந்தே நின்றுவிட்டார்.

விதிப்புத்தகத்தின்படி நடத்துபவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒன்பதாம் விதி. கேட்டேன். "உயிர் பிரியும்போது வாயில் பால் பட்டதா?"

"இல்லை" என்று அவர் சொல்லியிருக்கலாம். ஏழ்மதில் நாட்டுப் பிணம், யாருக்குத் தெரியப்போகிறது? நான் மறுத்திருக்க மாட்டேன். எனக்கு மறுக்க ஆதாரம் இல்லை. இதைப் பிலோமினாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒரு சொல்லில் முடிந்திருக்கும். ஆனால் அவர் மருதையன். மோட்டார் எரிந்தது தன் கடையின் தவறென்றால் தன் தவறென்று சொல்லிவிடுகிற மனிதர்.

"ஊத்துனாங்க" என்றார். "நான் ஊத்தல. தம்பி ஊத்துனான். உள்ள எறங்கல, டாக்டரம்மா. கடைவாயில வழிஞ்சிருச்சு. அது கணக்கா?"

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். ஞாபகத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "வாயில் பால் பட்ட உடல்" என்றுதான் இருந்தது. விழுங்கிய என்று இல்லை. இறங்கிய என்று இல்லை. யார் ஊற்றியது என்றும் இல்லை; பெற்ற பிள்ளை என்றால் தம்பியும் பெற்ற பிள்ளைதான். பட்ட. பட்டிருக்கிறது.

"எழாது" என்றேன்.

பிலோமினா தாளையெல்லாம் கீழே போட்டுவிட்டாள். "எழுந்துருச்சுன்னு சொல்லுடீ. சும்மா ஒரு வார்த்தை. உன் சொத்தா கொறைஞ்சிரும்?" சாகுல், "மேடம், சர்வேயிலயே அரை லிங்க் முன்ன பின்ன விடுவோம் மேடம்" என்றார். என் பக்கம் யாரும் இல்லை. இந்தப் புத்தகம் மட்டும்தான் என் பக்கம். "விதியை ஆடியில் எழுதினேன். அந்த அம்மாள் இறந்தது புரட்டாசியில். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை, ஆகவே யாரையும் மனதில் வைத்து மாற்றவும் முடியாது" என்றேன். இதைவிட நியாயமாக ஒரு வாக்கியம் அமைக்க முடியுமா? இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

மருதையன் அந்த நாற்காலியிலிருந்து எழுந்தார். டப்பாவைத் திறந்து போனை எடுத்தார். மணி ஐந்து நாற்பது. "ஏழுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று நான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவர் டப்பாவை மறுபடி சரியாக மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "வரேங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னாலேயே பிலோமினா. சாகுல் மட்டும் கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க மேடம்" என்றார். எதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பதினான்கு ஞாயிறு ஆகிறது. பதினான்கு ஞாயிறும் நான்கு மணிக்கு மேசையைத் துடைத்து, பகடையை எடுத்து வைத்து, போனை டப்பாவில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். விதி ஆள் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல.

அந்த ஏவல் தாளா? படித்தேன். படிக்கக் கூடாது, ஏவல் முடிந்த பிறகுதான் படிக்க வேண்டும். ஆனால் பெட்டியைத் துடைக்க எடுத்தபோது தாள் பிரிந்து கிடந்தது. கிடந்ததைப் படித்தேன். கோட்டைக் கதவைத் திற என்று இருக்கும் என நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அவர் கையெழுத்து பெரிது பெரிதாக இருக்கும், மோட்டாரில் குதிரைத்திறன் எழுதுகிற மாதிரி. "ஏன் வரலன்னு என்னய கேளு" என்று எழுதியிருந்தது.

அதுவும் செல்லாது, பாருங்கள். முப்பத்தொன்றாம் விதி: எழுப்பப்பட்டது கேள்வி கேட்காது. அத்தனை மனப்பாடமாகப் படித்தவர், இதை எப்படி மறந்தார்? மறந்திருக்க மாட்டார். செல்லாது என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். ஒன்பது வாரம், நாவடி எலும்புக்கு மூன்று வாரம், எல்லாம் செல்லாத ஓர் ஏவலுக்கு. எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது தெரியுமா? முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முறைப்படி ஒரு விலக்கு எழுதிக் கொடுத்திருப்பேனே! கேட்கவில்லை. யாருமே என்னிடம் எதையும் நேரே கேட்பதில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். உணர்ச்சிவசப்பட்டு அல்ல, உடற்கூறியல்படி யோசித்தேன். விழுங்குதல் என்பது மூன்று கட்டம். முதல் கட்டம் மட்டும்தான் நம் விருப்பத்தில் நடப்பது: நாக்கு பின்னே தள்ள வேண்டும். அது நடக்காதபோது வாய்க்குள் ஊற்றப்படுவது அந்த உடலுக்குள் போனதாகாது. வெளியே இருப்பதற்குச் சமம். கன்னத்தில் தெளித்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. "பட்ட" என்ற சொல்லைப் போட்டது உடற்கூறியல் பிழை. என் பிழை என்று சொல்ல வரவில்லை, விதியின் பிழை. பிழை இருந்தால் திருத்துவதுதான் முறை. இதோ, ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஒன்பது, உட்பிரிவு ஆ: விழுங்கப்படாத பால், பட்ட பாலாகாது. ஒன்றைத் திருத்தியதும் மற்றது இடித்தது. ஆகவே முப்பத்தொன்று, உட்பிரிவு ஆ: ஏவலே கேள்வியாக இருக்கும்போது கேட்கலாம்.

யாரும் வற்புறுத்தித் திருத்தவில்லை. யாருக்காகவும் திருத்தவில்லை. தை மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தட்டச்சு செய்து போட்டேன். மூன்று பேரும் பார்த்திருக்கிறார்கள். நீலக் கோடு காட்டுகிறது. பிலோமினா மட்டும், "இதை அவர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லு" என்று எழுதினாள். நேரில் எதற்கு? விதித் திருத்தம் எழுத்தில்தான் அறிவிக்கப்படும். நேரில் போனால் அது வேறு ஏதோ ஆகிவிடும். கடைக்கு இரண்டு முறை போனேன் என்பது உண்மை. மோட்டாரில் சத்தம் வருகிறதே என்று போனேன். இரண்டு முறையும் அவர் வெளிவேலையாகப் போயிருந்தார். கடைப் பையன்கள் யாரிடமும் விதி ஒன்பதைப் பற்றிச் சொல்லிவிட்டு வர முடியுமா?

போன ஞாயிறு ஏழு மணிக்கு டப்பாவைத் திறந்தால் ஓர் அழைப்பு. மருதையன். ஐந்து நாற்பதுக்கு. எனக்குக் கேட்டது, அடித்தபோது. இரண்டு முறை அடித்து நின்றுவிட்டது. எடுக்கவில்லை. ஆறு ஆண்டு இங்கே உட்கார்ந்தவர். ஞாயிறு நான்கிலிருந்து ஏழுவரை என் போன் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே அந்த நேரத்தில் கூப்பிடுகிறார் என்றால் என்ன பொருள்? நான் அன்றைக்கே திரும்ப அழைக்கவில்லை. அழைத்தவர் தேவை இருந்தால் மீண்டும் அழைப்பார். திங்கள் அழைக்கலாம், செவ்வாய் அழைக்கலாம், வாரத்தில் ஆறு நாள் டப்பா காலியாகத்தான் இருக்கிறது. அழைக்கவில்லை.

ஆகவே நீங்கள் சேர்ந்தால் உங்களுக்குப் புதிய பாத்திரம். பிணமெழுப்பி வேண்டாம், அது எடுத்தாகிவிட்டது. வீரனாக இருங்கள். ஒருவரை வைத்து ஏழாவது மதிலைத் தொடங்க முடியாது, ஆனால் வேறு இருவர் கிடைக்கும்வரை நான்

இருங்கள்.

டப்பாதான். என்னுடையதுதான். இல்லை, நீங்கள் எழ வேண்டாம். மணி என்ன? ஆறு இருபது. அடிக்கட்டும். நாற்பது நிமிடம் இருக்கிறது. பேசிக்கொண்டிருந்ததை எங்கே விட்டேன்? ஏழாவது மதில். மதிலின் வடக்குப் பக்கம் ஒரு

நின்றுவிட்டது. பார்த்தீர்களா, நின்றுவிடும். எது ஆனாலும் நின்றுவிடும்.

வடக்குப் பக்கம் ஓர் அகழி. சாகுல் நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்.

மறுபடியும் அடிக்கிறது.

நான் எடுக்க முடியாது. அது உங்களுக்கே தெரியும். இவ்வளவு நேரம் அதைத்தான் சொன்னேன். ஆனால் நீங்கள் இன்னும் ஆட்டக்காரர் இல்லை. கையெழுத்துப் போடவில்லை, பாத்திரம் எடுக்கவில்லை. டப்பா விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. இதில் முறைகேடு ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்து பெயரை மட்டும் பாருங்கள். பிலோமினாவாக இருந்தால் மூடிவிடுங்கள்.

என்ன பெயர்?

சரி.

வெட்டிவிடாதீர்கள், பச்சையை அழுத்துங்கள். என்னிடம் நீட்டாதீர்கள், நீங்களே பேசுங்கள். நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். கேள்வி எதுவும் கேட்காதீர்கள். நான் சொல்வதை மட்டும் அப்படியே சொல்லுங்கள். ஒன்பதாம் விதி திருத்தப்பட்டுவிட்டது. கடைவாயில் வழிந்த பால் கணக்கில் இல்லை. பகடை பதினாறு, அது அப்படியே நிற்கிறது. எழும் என்று சொல்லுங்கள். எழுந்து கேட்கும் என்று சொல்லுங்கள்.

நாற்காலியைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம்.